பத்தில் ஒரு பங்கு எங்கே போகிறது?

கேள்வி: எனக்கு மதுரை. எட்டு ஆண்டுகளாக அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் லீஹை நகரில் வசிக்கிறேன். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த குடும்பத்தவர். நான் மதம் மாறவில்லை, அவரும் மாறச் சொன்னதில்லை. மென்பொருள் நிறுவனத்தில் அவருக்கு ஆண்டுக்கு 1,30,000 டாலர் சம்பளம். கம்பெனிப் பங்குகளும் கொஞ்சம் உண்டு. சம்பளத்தில் 13,000 டாலர் தசமபாகமாகச் சபைக்குப் போகிறது. என் சம்பளம் 70,000. அதை அவர் தொடுவதில்லை. வீட்டுக்கடன் வட்டி மட்டும் ஆண்டுக்கு 14,000 டாலர். ஊரில் அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. இத்தனை நாள் சும்மாதான் இருந்தேன். புரோவோ ஆலயத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள் என்றதும் பொறுக்கவில்லை. ஐம்பது வயதுதான் ஆன நல்ல கட்டடம் அது. சால்ட் லேக் ஆலயத்தில் ஆண்டுக்கணக்காகப் புதுப்பிப்பு வேலை நடக்கிறது. சபையிடம் பத்தாயிரம் கோடி டாலர் முதலீடு இருக்கிறதாம். "பளிங்குக்குக் கொடுப்பதை ஏழைக்குக் கொடுக்கக்கூடாதா?" என்று கேட்டேன். "அது கடவுளுடைய பணம். அதோடு, வரியில் திரும்பி வந்துவிடும்" என்கிறார் கணவர். பக்கத்தில் இருந்த மாமியார் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சபையின் மீதான விமர்சனங்கள் உண்மையா? தசமபாகத்தை நிறுத்தச் சொல்லலாமா?
- வாசகி, யூட்டா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வரியை முடித்துவிடுவோம். அதில் உங்கள் கணவர் சொல்வது தவறு. காகிதமும் பேனாவும் இருந்தால் அதை அவருக்கே காட்டிவிடலாம். அமெரிக்க வருமான வரியில் எந்த ரசீதும் காட்டாமலே ஒரு தம்பதிக்கு நிலையான கழிவு உண்டு. 2024ஆம் ஆண்டுக்கு அது 29,200 டாலர். நன்கொடையைக் கழிக்க வேண்டுமானால் இதை விட்டுவிட்டுச் செலவுகளைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். உங்கள் வீட்டுக்கடன் வட்டி 14,000. மாநில வரிக்கும் சொத்து வரிக்கும் சேர்த்து அந்த ஆண்டின் உச்சவரம்பு 10,000. தசமபாகம் 13,000. ஆக மொத்தம் 37,000. தசமபாகம் இல்லையென்றால் 24,000தான். அப்போது நீங்கள் நிலையான கழிவையே எடுத்திருப்பீர்கள். அதாவது 13,000 கொடுத்ததால் கூடுதலாகக் கழிந்தது 7,800 டாலர். நீங்கள் இருப்பது 22 சதவீத வரிப் படிநிலை. மிச்சமாவது ஏறக்குறைய 1,700 டாலர். 2025இல் இந்த வரம்புகள் மாறிவிட்டன, ஆனால் உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தால் விடை பெரிதாக மாறவில்லை. பதின்மூன்று ஆயிரம் போய், ஆயிரத்து எழுநூறு வருவதைத் திரும்பி வருவது என்று சொல்ல முடியாது.

இனி ஆலயங்கள்.

அறநிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். ஒரு நிறுவனம் கட்டடத்துக்கு அளவுக்கு மீறிச் செலவழிக்கிறதா என்று யாராவது கேட்டால் அதன் 990 படிவத்தை எடுத்துப் பார்ப்பேன். அமெரிக்க அறநிறுவனங்கள் வரவு, செலவு, மேலதிகாரிகளின் சம்பளம் எல்லாவற்றையும் ஆண்டுதோறும் அதில் எழுதித் தர வேண்டும். யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். தேவாலயங்களுக்கு மட்டும் அந்தக் கடமை இல்லை. மோர்மன் சபை, முறையான பெயரில் சொன்னால் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, எந்த ஆலயத்துக்கு எவ்வளவு செலவானது என்று அறிவிப்பதில்லை. சால்ட் லேக் ஆலயப் புதுப்பிப்புக்கு இத்தனை கோடி என்று நீங்கள் எங்கே படித்திருந்தாலும் அது யாரோ ஒருவரின் ஊகம். ஆகவே "அதிகமா?" என்ற கேள்விக்கு வெளியே இருந்துகொண்டு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. எந்தச் செலவுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, எதற்குத் தெரியவில்லை என்று மட்டும் பிரித்துச் சொல்லலாம்.

சால்ட் லேக் ஆலயத்தின் அஸ்திவார வேலையை உங்கள் குற்றப்பத்திரிகையிலிருந்து எடுத்துவிடுங்கள். 1853இல் தொடங்கி 1893இல் முடிந்த கட்டடம் அது. லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கில் வெட்டிய கல்லை முதலில் மாட்டுவண்டியிலும் பின்னர் ரயிலிலும் கொண்டுவந்து நாற்பது ஆண்டுகள் அடுக்கினார்கள். நிலநடுக்கத்தைப் பற்றி அன்று யாருக்கும் கணக்குத் தெரியாது. நகரமோ வசாட்ச் நிலப்பிளவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. 2019 டிசம்பர் கடைசியில் ஆலயத்தை மூடினார்கள். அடுத்த மார்ச் 18ஆம் தேதி 5.7 அளவில் நிலம் நடுங்கி, கோபுர உச்சியில் நிற்கும் மொரோனி தேவதூதர் சிலையின் கையிலிருந்த எக்காளம் கழன்று விழுந்தது. இப்போது அந்தக் கல்மலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அடியில் 98 அதிர்வுத் தாங்கிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். 2024இல் முடியும் என்றார்கள்; பிறகு தள்ளித் தள்ளி, 2027 ஏப்ரலில் பொதுமக்கள் பார்வைக்குத் திறப்பதாக அறிவித்தார்கள். செலவு மிகப் பெரிதாகத்தான் இருக்கும். அதைச் செய்யாமல் விட்டு, ஒருநாள் கூரை இடிந்து விழுந்தால் இன்று திட்டுகிறவர்களே அன்றும் திட்டுவார்கள்.

அதே கட்டடத்துக்குள் நடந்த இன்னொன்றை இவ்வளவு எளிதாக என்னால் விட முடியவில்லை. 1890இல் சபை சில ஓவியர்களைத் தன் செலவில் பாரிஸுக்கு அனுப்பிப் படிக்கவைத்தது. திரும்பி வந்து இந்த ஆலயத்தின் உள்சுவர்களில் வரைந்தவர்கள் அவர்கள். 2021 மார்ச்சில் அந்தச் சுவரோவியங்கள் அகற்றப்படும் என்று சபை அறிவித்தது. அறை அறையாக நகர்ந்து, ஆட்கள் நேரில் நடித்துக்காட்டும் பழைய சடங்கு முறைக்குப் பதில் திரைப்படம் வரும் என்றும் சொன்னது. அதே அறிவிப்பில் மாண்டி ஆலயமும் இருந்தது. அங்கே மினர்வா டைகர்ட் என்ற பெண் ஓவியர் 1940களில் வரைந்த பெரிய சுவரோவியங்கள் உண்டு. எதிர்ப்புக் கிளம்பியது. அதில் குரல் கொடுத்தவர்களில் பலர் சபைக்காரர்களே. அதே ஆண்டு மே மாதம் சபைத் தலைவர் ரசல் நெல்சன் மாண்டியை விட்டுவைப்பதாகச் சொன்னார். கூடவே, சில மைல் தள்ளி எஃப்ரைம் ஊரில் இன்னொரு புதிய ஆலயம் கட்டுவோம் என்றும் அறிவித்தார். ஓவியத்தைக் காப்பாற்ற ஒரு ஆலயமே எழும்புகிறது! கையில் பணத் தட்டுப்பாடு உள்ள நிறுவனம் இப்படி முடிவெடுக்காது.

புரோவோ விஷயத்தில் உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. 1972இல் ஆக்டன், புரோவோ இரண்டு ஊர்களிலும் எமில் ஃபெட்சர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த இரட்டை ஆலயங்கள் திறக்கப்பட்டன. நிறையப் பேர் விரைவாக வந்துபோக வேண்டும் என்பதே அந்த அமைப்பின் நோக்கம். பக்கத்திலேயே பல்கலைக்கழகம், மதப் பிரசாரகர்களுக்கான பயிற்சி மையம் எல்லாம் இருப்பதால் புரோவோ எப்போதும் கூட்டமான ஆலயம். ஆக்டனின் முகத்தை அடையாளம் தெரியாமல் மாற்றி 2014இல் மறுபடி திறந்தார்கள். புரோவோவை 2024 பிப்ரவரியில் மூடி இடித்தார்கள். பழைய கட்டடத்துக்குள் குழாயும் மின்கம்பியும் மாற்றுவதும் மலிவான வேலை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரட்டையர் இருவரின் தோற்றமும் ஒரே விதமாகப் பழைய பாணிக்குத் திருப்பப்பட்டதைப் பார்க்கும்போது, பொறியியலோடு ரசனையும் அங்கே முடிவெடுத்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ரசனைக்குச் செலவழிப்பது குற்றமல்ல. யாருடைய ரசனைக்கு, யாருடைய பணம் என்று கொடுத்தவர் கேட்கலாம்.

 

உங்கள் கணவருக்கே தெரிந்திருக்குமா என்று சந்தேகப்படும் ஒரு பழைய கதை இருக்கிறது. 1959 வரை மோர்மன் சபை தன் செலவுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட்டது. ஏப்ரல் மாநாட்டில் எண்களோடு அறிக்கை வாசிக்கப்படும். பிறகு நின்றுபோனது. நிறுத்தியதற்குப் பின்னால் இருந்ததும் கட்டடம்தான். 1950களின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் ஹென்றி மோயில் என்ற தலைவர், கட்டிவைத்தால் ஆட்கள் வந்து நிறைவார்கள் என்ற நம்பிக்கையில் உலகெங்கும் வாராந்திர வழிபாட்டுக் கூடங்களை (ஆலயங்கள் வேறு) கட்டித் தள்ளினார். வரவைச் செலவு மிஞ்சியது. பற்றாக்குறையை ஊருக்குச் சொல்வதைவிடக் கணக்கையே சொல்லாமல் விடுவது எளிதாக இருந்தது. 1963இல் எல்டன் டேனர் என்ற கனடா நாட்டு அரசியல்வாதி தலைமைக் குழுவுக்கு வந்து கட்டட வேலைகளை நிறுத்திவைத்தார், வரவுக்குள் செலவை அடக்கினார், மிச்சம் பிடிக்கும் பழக்கத்தைத் தொடங்கினார். பற்றாக்குறை போய்விட்டது. கணக்கு மட்டும் திரும்பி வரவே இல்லை. இன்றும் ஏப்ரல் மாநாட்டில் தணிக்கைத் துறை எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று ஓர் அறிக்கை வாசிக்கிறது. அதில் ஒரு தொகைகூட இருக்காது. என் தொழிலில் அப்படி ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டால் வாடிக்கையாளர் சிரிப்பார்.

சேமிப்புப் பழக்கத்துக்கு இன்னும் பழைய காரணமும் உண்டு. பலதார மணத்தை ஒடுக்க 1887இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் சபையின் சொத்துகளைப் பறிமுதல் செய்ய வழிவகுத்தது. அடுத்த பத்தாண்டுகளில் சபை கடனில் மூழ்கியது. 1899இல் தலைவர் லோரன்சோ ஸ்னோ ஊர் ஊராகப் போய்த் தசமபாகத்தைப் பிரசங்கம் செய்துதான் அதை மீட்டார். கையில் இருப்பு இல்லாமல் இருப்பதைப் பற்றிய பயம் அந்தக் குடும்பங்களின் ரத்தத்தில் ஊறியது.

அந்தப் பயம் இன்று எங்கே வந்து நிற்கிறது என்பதுதான் நீங்கள் கேள்விப்பட்ட பத்தாயிரம் கோடி. 1997இல் சபை என்சைன் பீக் என்ற முதலீட்டு அமைப்பைத் தொடங்கியது. 2019 டிசம்பரில் அங்கே வேலை பார்த்த ஒருவர் வருமான வரித்துறையிடம் கொடுத்த புகாரை வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. இருப்பு ஏறக்குறைய பத்தாயிரம் கோடி டாலர் என்று அதில் இருந்தது. அது ஒரு முன்னாள் ஊழியரின் வாக்குமூலம். அதைவிட உறுதியானது 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் பிறப்பித்த உத்தரவு. பங்கு முதலீடுகளின் அளவு வெளியே தெரியாமல் இருக்க, பதின்மூன்று பெயரளவு நிறுவனங்களின் பெயரில் ஆணையத்துக்கு அறிக்கைகள் தாக்கல் செய்யப்பட்டன. 2018 வாக்கில் அந்த அமெரிக்கப் பங்குகள் மட்டும் சுமார் 3,200 கோடி டாலர். என்சைன் பீக்குக்கு 40 லட்சம் டாலரும் சபைக்கு 10 லட்சம் டாலரும் அபராதம். சட்ட ஆலோசகர்கள் சொன்னபடி நடந்தோம், தவறுகளுக்கு வருந்துகிறோம், விஷயம் முடிந்துவிட்டது என்று சபை சொன்னது.

ஏன் மறைத்தார்கள்? என்சைன் பீக்கின் தலைவராக இருந்த ரோஜர் கிளார்க் 2020இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலிடம் வெளிப்படையாகவே பேசினார். இவ்வளவு இருப்பது தெரிந்தால் மக்கள் தசமபாகம் கொடுப்பதை நிறுத்திவிடுவார்களோ என்ற கவலை என்றார். தசமபாகம் என்பது சபையின் பணத் தேவைக்காக என்பதைவிட, கொடுப்பவரின் அர்ப்பணிப்புக்காக என்ற பொருளிலும் சொன்னார்.

உங்கள் கேள்விக்கு நான் சொல்ல விரும்பும் விடை இந்தப் பேட்டியில்தான் இருக்கிறது, சகோதரி. உங்கள் கணவரின் 13,000 டாலர் புரோவோவின் பளிங்குக்குப் போகவில்லை. அவர் நாளை நிறுத்தினாலும் புரோவோ எழும்பும், எஃப்ரைம் எழும்பும், சால்ட் லேக்கின் கதவு திறக்கும். பத்தாயிரம் கோடி இருக்கும் இடத்தில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு டாலரும் செங்கல்லாக மாறுவதில்லை, இருப்பில்தான் ஏறுகிறது. கோபுரம் கண்ணில் படுகிறது, அதனால் விமர்சகர்கள் கோபுரத்தின் மேல் கல் எறிகிறார்கள். இருப்பு கண்ணில் படுவதில்லை. "ஆலயத்தைக் கட்டாதே, ஏழைக்குக் கொடு" என்பது அதனால் குறி தவறிய கேள்வி. இரண்டையும் செய்துவிட்டு மிச்சமும் பிடிக்கக்கூடிய சபை இது. கேட்க வேண்டியது மிச்சத்தைப் பற்றி.

கணக்காளர் பாஷையில் ஒரு அளவுகோல் தருகிறேன். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் தங்கள் சொத்தில் ஏறக்குறைய 5 சதவீதத்தை ஆண்டுதோறும் அறப்பணிக்குச் செலவழித்தாக வேண்டும் என்று சட்டம். தேவாலயங்களுக்கு அது பொருந்தாது. பொருந்துவதாக வைத்துக்கொண்டால் பத்தாயிரம் கோடிக்கு 500 கோடி டாலர். ஏழைகளுக்கும் பேரிடர் உதவிக்கும் சபை செலவழித்ததாக அதுவே வெளியிட்ட தொகை 2021இல் 90.6 கோடி, 2023இல் 136 கோடி, 2024இல் 145 கோடி டாலர். விமர்சனங்கள் வலுத்த இந்த ஆண்டுகளில் தொகை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அந்தத் தொகைக்குள் உறுப்பினர்கள் தசமபாகத்துக்கு வெளியே மாதாமாதம் தனியாகக் கொடுக்கும் உபவாசக் காணிக்கையிலிருந்து செய்த உதவியும் அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவதும் நியாயமில்லை.

புதிய ஆலயங்கள் எல்லாமே வீண் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். 1997இல் இந்தச் சபைக்கு உலகம் முழுவதும் 51 ஆலயங்கள்தான் இருந்தன. இப்போது 200க்கு மேல் இயங்குகின்றன. 2018இலிருந்து 2025இல் மறையும்வரை நெல்சன் ஒருவரே 200 ஆலயங்களை அறிவித்தார். அவற்றில் ஒன்று பெங்களூரு, இந்தியாவின் முதல் மோர்மன் ஆலயம். 2018 ஏப்ரலில் அறிவிப்பு, 2020 டிசம்பரில் பூமிபூஜை போன்ற ஒரு தொடக்க விழா. சென்னையிலும் கோவையிலும் இருக்கும் உறுப்பினர்கள், கணவன் மனைவி பந்தத்தை நித்தியத்துக்கும் முத்திரையிடும் சடங்குக்காக, இந்தியாவில் ஆலயம் இல்லாததால், விமானம் ஏறி ஹாங்காங் போன்ற ஊர்களுக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு டிரைவரோ பள்ளி ஆசிரியரோ குடும்பத்தோடு ஹாங்காங் போய்வர எவ்வளவு ஆகும் என்று நமக்குத் தெரியும். அவர்களுக்கு பெங்களூரு ஆடம்பரம் அல்ல. உங்கள் ஊரிலோ கால்மணி நேரக் கார்ப் பயணத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆலயங்கள் இருக்கின்றன. அங்கே இன்னொன்று எதற்கு என்ற கேள்விக்கு அதே விடை செல்லாது.

இனி நிறுத்தச் சொல்லலாமா என்பது. சொல்லாதீர்கள். சபைக்கு வக்காலத்து வாங்குவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ஆலயத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நேர்காணல் வைத்துத் தருவார்கள். முழுத் தசமபாகம் கொடுப்பவரா என்பது அதில் ஒரு கேள்வி. இல்லை என்றால் சீட்டு இல்லை. சீட்டு இல்லை என்றால் ஆலயத்தில் நடக்கும் தம்பி தங்கையின் திருமணத்துக்குக்கூட அவர் வாசலில்தான் நிற்க வேண்டும். நீங்கள் ஒரு தொகையைக் குறைக்கச் சொல்வதாக நினைப்பீர்கள். அவர் காதில் "உன் வீட்டாரை விட்டு விலகு" என்று விழும். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். 1980களின் தொடக்கம்வரை உள்ளூர் வழிபாட்டுக் கூடம் கட்ட உறுப்பினர்களே தசமபாகத்துக்கு மேலாகவும் பணம் திரட்டினார்கள். உங்கள் மாமியார் சிறுவயதில் பார்த்தது அதுவாக இருக்கும். பளிங்கைப் பற்றிய ஏளனம் அவருக்குத் தன் பெற்றோரைப் பற்றிய ஏளனம்.

கொடுக்கும் பணத்தைப் பொதுச் சேவை நிறுவனம் ஒன்றுக்கு மாற்றச் சொல்வதும் வேலைக்கு ஆகாது. அதைத் தசமபாகமாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நீதிமன்றத்தையும் மறந்துவிடுங்கள். சால்ட் லேக் நகரின் நடுவே 2012இல் திறந்த சிட்டி கிரீக் வணிக வளாகத்துக்குச் சபை 150 கோடி டாலர் அளவில் செலவழித்தது. அதில் தசமபாகப் பணம் கலந்தது என்று ஜேம்ஸ் ஹன்ட்ஸ்மன் என்ற செல்வந்தர் தொடுத்த வழக்கை 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. சேமிப்பின் வருமானத்திலிருந்துதான் செலவழிக்கிறோம் என்று சபை முன்பே சொல்லியிருந்தது, அது போதும் என்றார்கள்.

இன்னொன்று. சபையின் வேதநூலான மோர்மன் புத்தகத்திலேயே, ஏழைகளையும் நோயாளிகளையும்விடப் பணத்தையும் ஆடைகளையும் தங்கள் தேவாலயங்களின் அலங்காரத்தையும் அதிகமாக நேசிப்பவர்களைக் கண்டிக்கும் ஒரு வசனம் இருக்கிறது. மோர்மன் 8ஆம் அதிகாரம், 37ஆம் வசனம். எல்லா விமர்சகர்களும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். நீங்கள் எடுக்காதீர்கள். அவருக்கு அது மனப்பாடமாக இருக்கும். உங்கள் வாயிலிருந்து வந்தால் வசை ஆகிவிடும்.

உங்கள் வீட்டில் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். அப்பாவின் டயாலிசிஸ் செலவு இன்று எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் என்றால் அதை மாற்றுங்கள். அது நன்கொடை அல்ல, குடும்பச் செலவு. பொதுக் கணக்கிலிருந்து மாதத்தின் முதல் தேதியில், தசமபாகத்துக்கு முன்னால், தானாகப் போகும்படி வையுங்கள். இதை அவர் மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் சம்பளத்தைத் தொடாத மனிதர், உங்களை மதம் மாறச் சொல்லாத மனிதர். கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டு, கோபத்தில் கடந்துபோன இரண்டு வரிகள் அவை.

எதில் பத்தில் ஒரு பங்கு என்பதைச் சபை வரையறுக்கவில்லை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் விளக்கம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்று 1970இல் தலைமைக் குழு எழுதிய கடிதம்தான் இன்றும் நிலை. வரி பிடிப்பதற்கு முந்தைய சம்பளத்திலா, கைக்கு வரும் சம்பளத்திலா என்பது அவரவர் மனசாட்சி. பக்தியுள்ள பலர் கைக்கு வருவதில்தான் கொடுக்கிறார்கள், நேர்காணலில் தயக்கமில்லாமல் முழுத் தசமபாகம் என்றும் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் அது ஆண்டுக்கு மூவாயிரம் டாலர் வரை வித்தியாசம் காட்டும். இந்த யோசனை உங்களிடமிருந்து போக வேண்டாம். இந்தப் பதிலை அவரிடம் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், கணக்காளன் சொன்னான் என்று இருக்கட்டும்.

நீங்களும் உங்கள் சம்பளத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு தொகையை, சிறியதாக இருந்தாலும், நீங்களே தேர்ந்தெடுக்கும் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 990 படிவத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். சாப்பாட்டு மேசையில் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு "என் பணம் இங்கே போகிறது, இதோ கணக்கு" என்று நீங்கள் சொல்லும்போது, அவருடைய பணத்துக்கும் அப்படி ஒரு தாள் ஏன் இல்லை என்ற கேள்வி அவருக்கே வரலாம். வராமலும் போகலாம். கணக்கை வெளியிட வேண்டும் என்று கேட்கும் மோர்மன்கள் சபைக்குள்ளேயே இருக்கிறார்கள். பிரிட்டனிலும் கனடாவிலும் சட்டம் கட்டாயப்படுத்துவதால் இதே சபை அங்கே கணக்குத் தாக்கல் செய்கிறது, வானம் இடிந்து விழவில்லை. இதைப் பேசலாம். பளிங்கை விட்டுவிட்டு இதைப் பேசினால் அவர் காதுகொடுப்பார் என்று நினைக்கிறேன். காணிக்கைச் சீட்டில் மனிதநேய உதவிக்குத் தனி வரி இருக்கிறது, அதில் எழுதிக் கொடுக்கலாமே என்றும் உங்களுக்குத் தோன்றும். கொடுக்கலாம். ஆனால் அது தசமபாகத்தில் சேராது. சீட்டின் அடியில், கொடுக்கும் பணம் எல்லாம் சபையின் சொத்தாகிவிடும், சபையின் விருப்பப்படி பயன்படும் என்று பொடி எழுத்தில் இருப்பதையும் படித்துவிடுங்கள்.

கடைசியாக அந்தக் கம்பெனிப் பங்குகள். சபை தசமபாகத்தைப் பங்குகளாகவும் வாங்கிக்கொள்கிறது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விலை ஏறியிருக்கும் பங்குகளை அப்படியே மாற்றிக் கொடுத்தால், ஏறிய லாபத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. நன்கொடைக் கழிவுக்கு முழுச் சந்தை மதிப்பும் எடுத்துக்கொள்ளப்படும். ரொக்கமாகக் கொடுக்க வைத்திருந்த 13,000 கையில் நிற்கும், அதை வீட்டுக்கடன் அசலில் கட்டலாம். சபைக்குப் போகும் தொகை ஒரு டாலர்கூடக் குறையாது, மாமியாரும் குறை சொல்ல முடியாது. மாற்றும் படிவத்தை நவம்பர் முடிவதற்குள் தரகு நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் அங்கே நெரிசல் அதிகம், 31ஆம் தேதிக்குள் சபையின் கணக்கில் ஏறாத பங்கு அந்த ஆண்டு வரிக் கணக்கில் வராது.